த்ரீ நாட் த்ரீயில் துல்லியம்: கேஸை முழுதாக அமுக்குவதா, கழுத்தை மட்டுமா, தோளை அளந்தா?

.303 ('த்ரீ நாட் த்ரீ') தோட்டா சுடும் பழைய பிரிட்டிஷ் ராணுவ லீ-என்ஃபீல்ட் ரைபிளுக்குச் சொந்தமாகத் தோட்டா நிரப்பத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் டை (சுட்ட கேஸை அமுக்கி மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) வாங்கும்போது ஒருமுறை தயங்கி நிற்கிறார்கள். கடையில் கிடைக்கும் செட்டில் கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை, முழுதாக அமுக்கும் டை இருக்கும். கழுத்தை மட்டும் அமுக்கும் டையைத் தனியாக வாங்க வேண்டும். கிளப்பில் ஒருவர் "கழுத்து மட்டும் போதும், கேஸ் ரொம்ப நாள் வரும்" என்பார். பக்கத்தில் இருப்பவர் "கொஞ்ச நாளில் போல்ட் மூடாது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். (போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் அடைக்கும் தண்டு.) இரண்டு பேச்சும் உண்மைதான். உங்கள் ரைபிளுக்கும் உங்கள் சுடும் முறைக்கும் எது பொருந்தும் என்பதை முடிவு செய்ய, இந்தச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இந்தக் கட்டுரை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா போன்ற இடங்களில் உரிமத்தோடு பழைய ராணுவ ரைபிள் போட்டிகளில் சுடுகிறவர்களுக்கானது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே 'த்ரீ நாட் த்ரீ' என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருவது காவலர் தோளில் தொங்கிய அந்தப் பழைய மரத்துப்பாக்கிதான். அதே ரைபிள் குடும்பத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இன்னொரு விஷயத்தையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வெடிமருந்தின் எடை எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை. அதை அச்சிட்ட கையேட்டில், நீங்கள் பயன்படுத்தும் அதே குண்டுக்கும் அதே மருந்துக்கும் உரிய அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் குறைந்தபட்ச எடையிலிருந்து தொடங்கி.

## ராணுவச் சேம்பர் ஏன் இப்படி இருக்கிறது

போர்க்களத்துத் துப்பாக்கிக்கு முதல் கடமை, சேறு படிந்த தோட்டாவும் அளவு கொஞ்சம் பிசகிய தோட்டாவும் உள்ளே போய், சுட்ட பிறகு தடையில்லாமல் வெளியே வருவது. கனடாவின் ராஸ் ரைபிள் இதற்குப் பாடம். இறுக்கமான சேம்பரோடு 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ரே களத்துக்குப் போன அந்த ரைபிளில் பிரிட்டனில் தயாரான தோட்டாக்கள் சிக்கிக்கொண்டன. அடுத்த ஆண்டே அது முன்னணியிலிருந்து விலக்கப்பட்டது. லீ-என்ஃபீல்டின் சேம்பர் தாராளமானது. தோளுக்கு (கேஸின் உடல் கழுத்தாக ஒடுங்கும் சரிவு) முன்னால் இடம், உடலைச் சுற்றி இடம், கழுத்தைச் சுற்றி இடம்.

.303 கேஸுக்கு அடியில் விளிம்பு உண்டு. தோட்டா எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்று தீர்மானிப்பது அந்த விளிம்பு, தோள் இல்லை. ரைபிளில் அந்த விளிம்புக்கு விட்டிருக்கும் இடத்துக்கு (இதுதான் ஹெட்ஸ்பேஸ்) ராணுவ அளவுமானியின் கீழ் எல்லை 0.064 அங்குலம், மேல் எல்லை 0.074 அங்குலம். லேத் பட்டறைக் கணக்கில் சொன்னால் 64 தௌ, 74 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கேஸின் விளிம்பு 58 தௌவாக மெலிந்திருந்து, ரைபிள் மேல் எல்லையில் இருந்தால், 16 தௌ இடைவெளி. ராணுவத்துக்கு இது பிழையே இல்லை. சுட்ட கேஸை அவர்கள் திரும்ப நிரப்பப் போவதில்லை.

நமக்குத்தான் இது தலைவலி. சுடும் கணத்தில் போல்ட்டுக்குள் இருக்கும் அடிஊசியான ஸ்ட்ரைக்கர் கேஸை முன்னால் தள்ளுகிறது. அழுத்தம் ஏறியதும் கேஸின் மெல்லிய முன்பகுதி சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதி மட்டும் பின்னால் நகர்ந்து போல்ட்டில் போய் முட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில், விளிம்புக்குச் சற்று மேலே, பித்தளை இழுபட்டு மெலிகிறது. லீ-என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் காதுகள் போல்ட்டின் பின்பக்கம் இருப்பதால், அழுத்தத்தில் போல்ட்டும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கிறது. இழுபடல் இன்னும் கூடுகிறது. அப்படி மெலிந்த இடத்தில் ஒருநாள் கேஸ் இரண்டாகப் பிளக்கும். முன்பாதி சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

துல்லியமும் இதே இடைவெளியில்தான் நழுவுகிறது. தளர்ந்த தோட்டா சேம்பரின் அடியில் சாய்ந்து கிடக்கிறது. குண்டு புரிக்குள் (குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் பள்ளங்களும் மேடுகளும்) நுழையும்போதே கோணலாக நுழைகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கலாம்: குழுமம் (இலக்கில் விழும் துளைகளின் கூட்டம்) எவ்வளவு இறுகுகிறது, ஒரு கேஸ் எத்தனை முறை தாங்கும், வேகமாகச் சுடும்போது போல்ட் தடையில்லாமல் மூடித் திறக்கிறதா, கருவிக்கும் நேரத்துக்கும் ஆகும் செலவு என்ன, ஒரே வகையில் இரண்டு மூன்று ரைபிள் இருந்தால் தோட்டாவை மாற்றிச் சுட முடியுமா.

பட்டியலில் முதலில் நின்றாலும் துல்லியம் மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. நின்று நிதானமாகச் சுடுகிறவருக்கும், ஒரு நிமிடத்தில் பத்துக்கு மேல் சுடும் போட்டிக்குப் போகிறவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

## டை வாங்குவதற்கு முன் குழலை அளந்துவிடுங்கள்

கேஸை எப்படி அமுக்கினாலும் குண்டு குழலுக்குச் சிறியதாக இருந்தால் பயன் இல்லை. பலர் இந்த அடியைத் தாண்டிவிட்டு டை மேல் டையாக வாங்கிக் குவிக்கிறார்கள். என் கருத்தில், இந்த ரைபிள்களில் துல்லியத்தை அதிகம் பாதிப்பது குண்டின் விட்டம்தான். கேஸ் பொருத்தம் அதற்கு அடுத்தது.

.303 அங்குலம் என்பது புரியின் மேடுகளுக்கு இடைப்பட்ட விட்டம். பள்ளத்தின் விட்டம் சுமாராக 311 தௌவிலிருந்து 317 தௌவரை ரைபிளுக்கு ரைபிள் மாறும். போர்க்காலத் தயாரிப்பு, காலம் தின்ற குழல், பழைய கார்டைட் வெடிமருந்து அரித்த வாய் (சேம்பருக்கு முன்னால் புரி தொடங்கும் இடம்) என்று காரணங்கள் பல. கடையில் கிடைக்கும் குண்டுகள் பெரும்பாலும் 311, 312 தௌ. 316 தௌ குழலில் 311 தௌ குண்டு போனால் வாயு பக்கவாட்டில் முந்திக்கொண்டு ஓடும். குண்டு புரியைச் சரியாகப் பிடிக்காது.

அளப்பது எளிது. எண்ணெய் பூசிய குழலுக்குள், பள்ளத்தைவிடச் சற்றுப் பெரிய மென்மையான ஈயத்துண்டை மரத்தடியால் தட்டி இறக்கி, மறுமுனையில் எடுங்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். பெரும்பாலான லீ-என்ஃபீல்டுக்கு ஐந்து பள்ளம். ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு இருக்கும் என்பதால் சாதாரண மைக்ரோமீட்டர் பொய் சொல்லும். 108 பாகை வி-வடிவ மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தடிமன் தெரிந்த மெல்லிய பித்தளைத் தகட்டை ஈயத்துண்டைச் சுற்றி ஒரே சுற்றாக இறுக்கி அளந்து, தகட்டுத் தடிமனை இருமடங்கு கழியுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து இரண்டு பள்ளக் குழல் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

மரத்தையும் பாருங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட் வகையான நம்பர் 4 ரைபிளில் முன்மரம் குழலின் நுனியை 2 முதல் 7 பவுண்டு விசையில் மேலே தாங்க வேண்டும். மரம் காய்ந்து சுருங்கி அந்தத் தாங்கல் போயிருந்தால், எந்தத் தோட்டாவும் அதைச் சரிசெய்யாது.

ஹெட்ஸ்பேஸையும் பார்த்துவிடலாம். நம்பர் 4-க்கு 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட போல்ட் தலைகள் உண்டு. எண் ஏற ஏற நீளம் கூடும். தலையை மாற்றினால் விளிம்பு இடைவெளி குறையும், முதல் வெடியில் கேஸ் இழுபடுவதும் குறையும். ஆனால் தோளுக்கு முன்னால் இருக்கும் இடம் அப்படியேதான் இருக்கும். அதனால் போல்ட் தலை மாற்றியாயிற்று, இனி எப்படி அமுக்கினாலும் சரி என்று நினைக்க வேண்டாம். அதற்கு முந்தைய லீ-என்ஃபீல்டான எஸ்.எம்.எல்.இ. வகையில் தலைகளுக்கு எண் கிடையாது. அங்கே பொருத்திப் பார்த்துச் செய்கிற ஆயுதக் கம்மியரிடம்தான் போக வேண்டும்.

## எந்த வழியானாலும் முதல் வெடி ஒன்றுதான்

கேஸின் ஆயுளில் பாதியை முதல் வெடியே தீர்மானித்துவிடுகிறது. புதிய கேஸில் தோள் பின்னாலேயே இருப்பதால், அதைத் தடுத்து நிறுத்த விளிம்பு மட்டுமே உண்டு. மேலே சொன்ன இழுபடல் முழுதாக நடக்கும்.

இதைத் தவிர்க்கப் பழைய கைகள் செய்வது: கேஸின் அடியில், விளிம்புக்கு முன்னால், நழுவாமல் நிற்கிற ஒரு மெல்லிய ரப்பர் ஓ-ரிங்கை மாட்டுவது. போல்ட் மூடும்போது அந்த வளையம் நசுங்கி, கேஸைப் பின்னால் போல்ட் முகத்தோடு ஒட்டி நிறுத்தும். சுட்டதும் அடி நகராது. தோள்தான் முன்னால் பெருகிச் சேம்பரை நிரப்பும். போல்ட் மெல்லிய எதிர்ப்போடு மூட வேண்டும். பலம் கொடுத்தால்தான் மூடும் என்றால் வளையம் தடிமன் அதிகம், மாற்றுங்கள். மிதமான மருந்து எடையில்தான் சுடுங்கள். கேஸில் மசகு எண்ணெய் ஒட்டியிருக்கக் கூடாது. எண்ணெய் ஒட்டிய கேஸ் சுவரைப் பிடிக்காமல் போல்ட்டை முழு வேகத்தில் குத்தும்.

கேஸ் தேர்விலும் கவனம் வேண்டும். செர்பியாவின் ப்ர்வி பார்டிசான் கேஸ்களும் கிரேக்க எச்.எக்ஸ்.பி. கேஸ்களும் தடிமனுக்குப் பெயர் பெற்றவை. சில வணிகக் கேஸ்கள் மெல்லிய விளிம்பும் மெல்லிய சுவருமாக வரும். வாங்கியதும் கேலிப்பரால் விளிம்பை அளந்து தடித்தவற்றைத் தனியே ஒதுக்குங்கள். பழைய ராணுவக் கேஸ்களில் பல பெர்டன் வகை. நடுவில் ஒரு துளைக்குப் பதிலாகப் பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். தெரியாமல் டைக்குள் விட்டால் ப்ரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) வெளியே தள்ளும் ஊசி ஒடிந்துவிடும். டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

## வழி 1: முழுதாக அமுக்குவது

டையைக் கேஸ்பிடியை (அமுக்கும் கருவியில் கேஸின் அடியைப் பிடிக்கும் பகுதி) தொடும்வரை இறக்கி, மேலும் கால் சுற்று இறக்கி இறுக்குவது. டை பெட்டியில் இருக்கும் தாள் பெரும்பாலும் இதைத்தான் சொல்லும். கேஸ் புதிதாக வந்த அளவுக்கே திரும்பிவிடும்.

எந்த .303 ரைபிளிலும் போகும், போல்ட் தடையில்லாமல் மூடும், சேறு தூசி இருந்தாலும் சுடலாம் என்பவை இதன் பலம். மூன்று லீ-என்ஃபீல்டுக்கு ஒரே பெட்டித் தோட்டா வேண்டும் என்றால் இதுவே எளிய வழி.

விலை மறைவாக வரும். ஒவ்வொரு முறையும் தோள் பின்னால் தள்ளப்படுகிறது, அடுத்த வெடியில் கேஸ் மறுபடி இழுபடுகிறது. தாராளச் சேம்பரும் மெல்லிய கேஸும் சேர்ந்தால் மூன்று நான்கு முறையிலேயே பிளவு தொடங்கலாம். பித்தளை முன்னால் ஓடுவதால் நீளமும் கூடும். 2.222 அங்குலத்தைத் தாண்டினால் 2.212-க்கு வெட்டியாக வேண்டும். கழுத்தை மறுபடி விரிக்க டைக்குள் இருக்கும் விரிப்பான் உருண்டை கழுத்துக்குள்ளிருந்து மேலே வரும்போது கழுத்தைக் கோணலாக இழுக்கும் தொல்லை வேறு. ராணுவச் சேம்பரில் கழுத்து அதிகம் விரிவதால், டை அதை அதிகம் சுருக்கி, உருண்டை மறுபடி விரிக்கிறது. ஒரே சுற்றில் இவ்வளவு வேலை வாங்கினால் கழுத்து கடினமாகி வெடிக்கும். கழுத்தின் உள்ளேயும் மசகு தடவுவது இதைக் கொஞ்சம் தணிக்கும்.

இந்த வழியில் போகிறவர்கள் கம்பிச் சோதனையை விடவே கூடாது. காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கூர்மையாக்கி, ஒரு சிறு கொக்கியாக வளையுங்கள். கேஸின் உள்ளே அடிவரை விட்டு, சுவரை உரசிக்கொண்டே மேலே இழுங்கள். அடியிலிருந்து சற்று மேலே பள்ளம் தட்டினால் அந்தக் கேஸ் முடிந்தது. வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். அது தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

## வழி 2: கழுத்தை மட்டும் அமுக்குவது

சுட்ட கேஸ் உங்கள் சேம்பரின் வார்ப்பு. கழுத்தை மட்டும் குண்டைப் பிடிக்கும் அளவுக்குச் சுருக்கினால் தோள் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த முறை கேஸ் விளிம்பில் தொங்காமல் தோளில் நிற்கும். அடி போல்ட்டைத் தொட்டபடியே இருப்பதால் இழுபட இடமில்லை. குண்டும் நடு அச்சில் அமைகிறது.

இதற்கு லீ நிறுவனத்தின் காலட் டை நன்றாகப் பொருந்துகிறது. அது கழுத்தை நடுத்தண்டின் மேல் வெளியிலிருந்து நெரிக்கிறது. மசகு வேண்டாம், உருண்டை இழுக்கிற வேலை இல்லை, கழுத்து நேராக நிற்கிறது. 314 தௌ வார்ப்புக் குண்டு போடப் போகிறீர்கள் என்றால் பெரிய நடுத்தண்டு தனியாக வாங்க வேண்டும். டையோடு வருவது 311, 312-க்கானது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. லீ-என்ஃபீல்டில் சேம்பரும் போல்ட் முகமும் எப்போதும் ஒரே அச்சில் இருப்பதில்லை. சுட்ட கேஸை மேசையில் உருட்டிப் பார்த்தால் லேசாக வளைந்தோ ஒருபக்கம் பருத்தோ தெரியும். அப்படிப்பட்ட கேஸை வேறு திசையில் செருகினால், பருத்த பக்கம் சேம்பரின் ஒடுங்கிய பக்கத்தில் போய் இடிக்கும். துல்லியமும் போகும், போல்ட்டும் இறுகும். விளிம்பில் அரத்தால் ஒரு சிறு கீறல் போட்டு, எப்போதும் கீறல் மேலே இருக்கும்படி செருகுங்கள். ஒவ்வொன்றாகக் கையால் செருகிச் சுடுகிறவர்களுக்கு இது சிரமமில்லை. மேகசினிலிருந்து வேகமாகச் சுடுகிறவர்களுக்கு நடக்காத காரியம்.

நான்கைந்து முறைக்குள் உடல் விரிந்து இறுகத் தொடங்கும். மழைநாளில் ஒரு துளி மண் பட்டாலும் போல்ட் பிடிக்கும். இந்தக் கேஸ் வேறு ரைபிளில் போகும் என்ற உறுதியும் இல்லை. கடைசியில் முழு டையும் வாங்கித்தான் தீர வேண்டும். கழுத்து டை போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டாம் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

## வழி 3: தோளை அளந்து அமுக்குவது

வாங்கிய அதே முழு டைதான். ஆனால் அதைக் கேஸ்பிடி தொடும்வரை இறக்காமல், உங்கள் சேம்பருக்குத் தேவையான அளவில் நிறுத்துவது. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். புதிதாக வாங்க வேண்டியது கேலிப்பரில் மாட்டும் தோள் ஒப்பளவி ஒன்றுதான்.

டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்று 71 தௌ. எட்டில் ஒரு சுற்று சுமார் 9 தௌ, பதினாறில் ஒன்று நாலரை தௌ. இந்தக் கணக்கு கையில் இருந்தால் தடவிப் பார்க்கும் வேலை பாதியாகும்.

செய்முறை இப்படி:

1. இரண்டு மூன்று முறை சுட்டு, போல்ட்டை லேசாக இறுக்கத் தொடங்கிய கேஸ் ஒன்றை எடுத்து ப்ரைமரை நீக்குங்கள். தோள்வரை உள்ள நீளத்தை ஒப்பளவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
2. டையைக் கேஸ்பிடியைத் தொடும்வரை இறக்கி, ஒரு முழுச் சுற்று மேலே ஏற்றுங்கள். மசகு தடவிய கேஸை அமுக்கி, மறுபடி அளங்கள்.
3. பதினாறில் ஒரு சுற்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, துடைத்து, ரைபிளில் செருகிப் பாருங்கள்.
4. முன்பு குறித்த நீளத்தைவிட 1 முதல் 2 தௌ குறைந்து, போல்ட் மெல்லிய உணர்வோடு மூடும் இடத்தில் பூட்டு வளையத்தை இறுக்குங்கள்.

மூன்றாவது படியில் எல்லாரும் பயப்படும் ஒரு கட்டம் வரும். டை தோளைத் தொடுவதற்கு முன் உடலை நெரிக்கிறது. நெரிந்த பித்தளை தோளை முன்னால் தள்ளுகிறது. அளவு குறைவதற்குப் பதில் கூடும். போல்ட் முன்பைவிட இறுகும். டை கெட்டுவிட்டதோ என்று கழற்றிவிடாதீர்கள். இன்னும் பதினாறில் ஒன்றோ இரண்டோ இறக்கினால் தோள் டையைத் தொட்டு, அளவு திரும்பக் குறையத் தொடங்கும்.

போல்ட்டின் உணர்வைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ரைபிள் மூடும்போது விசையேறும் வகை. ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கேஸின் எதிர்ப்பை மறைத்துவிடும். ப்ரைமரும் மருந்தும் இல்லாத வெறும் கேஸில், விசையை இழுத்துப் பிடித்தபடி போல்ட்டை மூடினால் ஸ்ட்ரைக்கர் மாட்டாது. கேஸின் எதிர்ப்பு மட்டும் கைக்குத் தெரியும். இந்த முறையை நிரப்பிய தோட்டாவில் ஒருபோதும் செய்யக் கூடாது.

இதிலும் மறைவுச் செலவு உண்டு: நேரம். மருந்து மாற்றினால், கேஸ் தயாரிப்பு மாற்றினால், கழுத்து கடினமானால் தோள் திரும்பி எழும்பும் அளவு மாறும், டையைத் திரும்ப அமைக்க வேண்டும். மூன்று நான்கு முறைக்கொருதரம் கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கும். உருண்டை இழுக்கும் பிரச்சினையும் இங்கே தொடர்கிறது. அதற்கு உருண்டையைக் கழற்றிவிட்டு, தனி நடுத்தண்டு டையால் கழுத்தை விரிக்கலாம். அல்லது உடலை இந்த டையாலும் கழுத்தைக் காலட் டையாலும் செய்யலாம். இரண்டாவது ஏற்பாடுதான் நிதானமான போட்டியில் நல்ல குழுமம் தருகிறது.

பணம் தடையில்லை என்றால், சுட்ட கேஸ்களை அனுப்பி அந்தச் சேம்பருக்கே டை செய்து வாங்கலாம். கழுத்து அதிகம் நெரிபடாது என்பது அதன் பெரிய நன்மை. ஒரே ரைபிளை நெடுநாள் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு மட்டும் அது பொருள் உள்ள செலவு.

| | முழுதாக | கழுத்து மட்டும் | தோளை அளந்து |
|---|---|---|---|
| குழுமம் | சுமார் | நன்று. கீறல் பார்த்துச் செருகினால் மிக நன்று | நன்று |
| கேஸ் ஆயுள் | தாராளச் சேம்பரில் மூன்று நான்கு முறையே ஆகலாம் | மிதமான எடையில் பத்துக்கு மேல் | கிட்டத்தட்ட அதே |
| வேகச் சூடு | தடையில்லை | நம்ப முடியாது | நன்று |
| புதிய கருவி | எதுவும் வேண்டாம் | கழுத்து டை. பிறகு முழு டையும் | தோள் ஒப்பளவி |
| பல ரைபிளுக்கு | ஆம் | இல்லை | இறுகிய சேம்பருக்கு அமைத்தால் ஆகலாம் |
| எங்கே கெடும் | கேஸ் பிளவு | போல்ட் இறுக்கம் | தவறான அமைப்பு |

## குண்டு: தட்டை அடியா, படகு வாலா, வார்ப்பா

குழல் அளந்த எண் இங்கே முடிவு சொல்லும். 1910-இல் வந்த மார்க் 7 தோட்டாவின் 174 கிரெய்ன் குண்டுக்குத் தட்டை அடி; வேகம் வினாடிக்கு 2440 அடி. அழுத்தத்தில் தட்டை அடி விரிந்து பள்ளத்தை நிரப்பும். பின்பக்கம் ஒடுங்கிய படகு வால் குண்டு அப்படி விரியாது. அதனால் அரித்த குழலில் விலையுயர்ந்த படகு வால் மேட்ச் குண்டு சிதறும்போது, சாதாரணத் தட்டை அடிக் குண்டு கூடிவிழுவது உண்டு.

குழல் 311 முதல் 313 தௌவுக்குள், வாய் கூர்மையாக இருந்தால் 174 கிரெய்ன் படகு வால் மேட்ச் குண்டைத் தயங்காமல் எடுங்கள். 300 கஜத்துக்கு மேல் அதன் பலன் தெரியும். 314, 315 என்றால் 312 தௌ தட்டை அடி. அதற்கு மேல் போனால் 100, 200 கஜச் சுடலுக்கு வார்ப்பு ஈயக் குண்டுதான் நல்ல வழி. பள்ளத்தைவிட 1 முதல் 2 தௌ பெரிதாக, அடியில் செம்பு மூடியோடு, குறைந்த வேகத்தில், வார்ப்புக் குண்டுக்கென்றே அச்சிட்ட அட்டவணைப்படி. ஆனால் நிரப்பிய தோட்டாவின் கழுத்து சேம்பரில் தாராளமாகப் போகிறதா என்று பார்த்துவிட்டே சுட வேண்டும். கழுத்துக்கு இடமில்லாவிட்டால் அழுத்தம் எகிறும்.

குண்டைப் புரியைத் தொடும்வரை வெளியே நிறுத்திப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. இந்த ரைபிளின் வாய் நீளமானது. மேகசினில் போக வேண்டுமென்றால் மொத்த நீளம் 3.075 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குள் புரி எட்டாது. ஆழம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

## எப்படிச் சோதித்து முடிவெடுப்பது

ஒரே கேஸ் கட்டு, ஒரே ப்ரைமர், ஒரே மருந்து, ஒரே குண்டு. மாறுவது அமுக்கும் முறை மட்டும். மூன்று வெடிக் குழுமத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு முறைக்கும் பத்து வெடியாவது வேண்டும். முதலில் ஒரு முறை முழுதும், பிறகு அடுத்தது என்று சுட்டால் குழல் சூடு கணக்கைக் கெடுக்கும். ஐந்து ஐந்தாக மாற்றி மாற்றிச் சுடுங்கள்.

ஒரே ரைபிள், பெஞ்சில் அமர்ந்து ஒவ்வொன்றாகச் செருகிச் சுடுவது என்றால் காலட் டையும் கீறலும். அதே ரைபிளை வேகச் சூட்டுப் போட்டிக்கும் கொண்டுபோகிறீர்கள் என்றால் தோளை அளந்து அமுக்குவது. இரண்டு மூன்று ரைபிள் இருந்து, தோட்டாவைப் பிரித்து வைக்கப் பொறுமை இல்லை என்றால், எல்லாவற்றிலும் இறுகிய சேம்பர் எது என்று கண்டுபிடித்து, டையை அதற்கு அமைத்துவிடுங்கள். மற்றவற்றில் கேஸ் ஆயுள் குறையும், ஆனால் முழுதாக அமுக்குவதைவிட மேல். கடன் வாங்கிய ரைபிளுக்கோ, எந்த ரைபிளில் சுடப் போகிறோம் என்று தெரியாத தோட்டாவுக்கோ வழி 1 மட்டும்தான்.

இச்சாபூரில் செய்த 2ஏ1 ரைபிள் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உருவம் லீ-என்ஃபீல்டுதான், தோட்டா 7.62. அதற்கு வெளியே நீளும் விளிம்பு இல்லை; தொடக்கத்திலிருந்தே தோளில்தான் நிற்கும். ஓ-ரிங் அங்கே பொருந்தாது. தோளை அளந்து அமுக்கும் முறை பொருந்தும். காரண்ட், எம்14 போன்ற தானியங்கி ஏற்ற ரைபிள்களுக்கோ வழி 2 கூடவே கூடாது. அவற்றின் ஃபயரிங் பின் ஸ்பிரிங் பிடிப்பில்லாமல் மிதப்பது. இறுகிய கேஸில் போல்ட் முழுதாகப் பூட்டுவதற்கு முன் ப்ரைமரில் இடித்தால், பூட்டாத போல்ட்டோடு தோட்டா வெடிக்கும்.